பத்து வாக்கியங்கள் துருக்கி மொழிக்குப் போன கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒருவர் தன் கோபத்தையும் துக்கத்தையும் எப்படிக் கையாளுகிறார் என்பதை அளப்பதற்கு ஆங்கிலத்தில் எழுதப்பட்ட கேள்விப் பட்டியல்கள் இன்று பல மொழிகளில் இருக்கின்றன. அவற்றில் துருக்கி மொழிக்குப் போனதைத்தான் நான் எப்போதும் உதாரணமாக எடுத்துக்கொள்வேன். துருக்கி மொழியும் நம் மொழியைப் போலவே சொல்லோடு விகுதிக்கு மேல் விகுதியை ஒட்டிக்கொண்டு போகிறது, வினையைக் கடைசியில் வைக்கிறது. அதனால் ஆங்கில வாக்கியம் அங்கே போகும்போது எந்த இடத்தில் முறிகிறது என்பது தமிழ் வாசகருக்குச் சட்டென்று பிடிபடும். உளவியல் படிக்கிறவர்களும் ஆய்வு செய்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

எந்தக் கேள்விப் பட்டியலைப் பற்றிப் பேசுகிறோம்?

முக்கியமாக இ.ஆர்.க்யூ. (எமோஷன் ரெகுலேஷன் க்வெஸ்ச்சனேர், அதாவது உணர்ச்சிகளை ஒழுங்குபடுத்துவது பற்றிய கேள்விப் பட்டியல்) என்று சுருக்கமாக அழைக்கப்படும் பட்டியலைப் பற்றி. ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஜேம்ஸ் கிராஸும் பெர்க்லியைச் சேர்ந்த ஆலிவர் ஜானும் 2003-இல் வெளியிட்டது. மொத்தமே 10 வாக்கியங்கள்தான். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 1 முதல் 7 வரை ஓர் எண்ணைக் குறிக்க வேண்டும். 1 என்றால் கொஞ்சமும் ஒத்துக்கொள்ளவில்லை, 7 என்றால் முழுக்க ஒத்துக்கொள்கிறேன். 6 வாக்கியங்கள் 'மறுமதிப்பீடு' என்ற வழியையும், 4 வாக்கியங்கள் 'அடக்குதல்' என்ற வழியையும் அளக்கின்றன. இதன் துருக்கி வடிவத்தை எல்தெலெக்லியோலு, எரோலு என்ற இரு ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்டார்கள். அதற்கு முன்பும் சில ஆய்வுகளில் துருக்கி மொழிபெயர்ப்புகள் பயன்பட்டிருக்கின்றன.

இடையிடையே இன்னொரு பட்டியலும் வரும். கிம் கிராட்ஸும் லிசபெத் ரோமரும் 2004-இல் வெளியிட்ட 'டெர்ஸ்'. அதில் 36 வாக்கியங்கள். உணர்ச்சிகளைக் கையாளுவதில் ஒருவருக்கு இருக்கும் சிரமங்களை அது 6 பிரிவாக அளக்கிறது. அதன் துருக்கி வடிவத்தை ருகான்ஜி, கெஞ்சோஸ் இருவரும் 2010-இல் வெளியிட்டார்கள். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் பாடம் முழுமையாகக் கிடைக்கிறது.

மறுமதிப்பீடு, அடக்குதல் என்றால் என்ன?

அங்காராவில் ஒரு மாணவி என்று வைத்துக்கொள்வோம். பேராசிரியர் வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் அவளுடைய கட்டுரையைக் கிழிகிழி என்று கிழித்துவிட்டார். அவள் உட்கார்ந்தபடியே யோசிக்கிறாள்: 'மற்றவர்கள் கட்டுரையை ஒரு வரியில் தள்ளிவிட்டவர் என்னுடையதற்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். அதில் ஏதோ இருப்பதால்தானே?' அப்படி யோசித்ததும் அவமானம் கொஞ்சம் இறங்குகிறது. நடந்தது மாறவில்லை, அதைப் பார்த்த விதம் மாறியது. இது மறுமதிப்பீடு.

பக்கத்தில் இருக்கும் இன்னொரு மாணவனுக்கும் அதே கதி. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, முகத்தில் எதுவும் தெரியாமல் குறிப்பெடுக்கிறான். உள்ளே அவமானம் அப்படியே இருக்கிறது, வெளியே தெரியவில்லை. இது அடக்குதல்.

கிராஸ் 1998-இலேயே இதைக் கால வரிசையில் வைத்து விளக்கியிருந்தார். மறுமதிப்பீடு உணர்ச்சி முழுதாக எழுவதற்கு முன் குறுக்கே வருகிறது. அடக்குதல் எழுந்த பிறகு வருகிறது. இ.ஆர்.க்யூ.வில் 'அடக்குதல்' என்பது வெளிக்காட்டாமல் இருப்பதை மட்டுமே குறிக்கும், உணராமல் இருப்பதைக் குறிக்காது. இதை மறந்துவிட்டு மொழிபெயர்க்க உட்கார்ந்தால் வேறொன்றைத்தான் அளப்போம்.

நல்ல மொழிபெயர்ப்பாளர் ஒருவர் போதாதா? பத்து வாக்கியங்கள்தானே?

பத்தும் சுலபமாகத்தான் தெரியும். ஆனால் அவற்றுக்குள் ஒரு பள்ளம் இருக்கிறது. நல்ல உணர்ச்சி வேண்டும்போது, அல்லது மோசமான உணர்ச்சி குறைய வேண்டும்போது என்ன செய்வீர்கள் என்று கேட்கும் வாக்கியங்களில் இரண்டு, எதைப் பற்றி நினைக்கிறேனோ அதை மாற்றுகிறேன் என்ற பொருளில் இருக்கின்றன. வேறு இரண்டு, அந்தச் சூழலைப் பற்றி நினைக்கும் விதத்தை மாற்றுகிறேன் என்ற பொருளில் இருக்கின்றன.

ஆங்கிலத்தில் வேகமாகப் படித்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். துருக்கியில் அப்படி மழுப்ப முடியாது. 'நினைக்கும் விஷயம்' என்று ஒரு சொற்றொடர், 'நினைக்கும் முறை' என்று இன்னொரு சொற்றொடர். இரண்டுக்கும் விகுதிகள் வேறு, பெயர்ச்சொல் வேறு. தமிழிலும் இதே நிலைதான். விஷயத்தை மாற்றுவது என்றால் அது கவனத்தைத் திருப்புவது, அதாவது கட்டுரையை மறந்து இரவுச் சாப்பாட்டைப் பற்றி யோசிப்பது. விதத்தை மாற்றுவதுதான் மறுமதிப்பீடு. கிராஸின் மாதிரியிலேயே இவை இரண்டும் வெவ்வேறு கட்டங்கள்.

மொழிபெயர்ப்பாளர் மூலத்துக்கு உண்மையாக இருந்தால் ஆங்கிலத்தில் மறைந்திருந்த பிளவு துருக்கியில் வெளிச்சத்துக்கு வந்துவிடும். பிளவை மூடினால் மூலத்திலிருந்து விலகிவிடுவார். இந்த முடிவைத் தனி மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இரவோடு இரவாக எடுக்கக் கூடாது. கோட்பாடு தெரிந்தவர்கள் கூடிப் பேசி, ஏன் இப்படி முடிவு செய்தோம் என்று எழுதி வைக்க வேண்டும். இந்த வேலையை வெறும் மொழிபெயர்ப்பு என்று சொல்லாமல் தகவமைப்பு என்று நாம் சொல்வது இதற்காகத்தான்.

துருக்கி மொழிக்கே உரிய சிக்கல்கள் எவை?

முதலாவது, எதிர்மறை. துருக்கியில் 'இல்லை' என்பது தனிச் சொல்லாக நிற்காமல் வினைக்குள்ளேயே புகுந்துவிடும். 'கொஸ்தெரிரிம்' என்றால் காட்டுவேன். 'கொஸ்தெர்மெம்' என்றால் காட்ட மாட்டேன். பார்வைக்கு ஓர் அசைதான் வித்தியாசம். அடக்குதல் வாக்கியங்களில் பெரும்பாலானவை 'காட்டுவதில்லை', 'வெளியிடுவதில்லை' என்ற வகை. காட்டுகிற பழக்கம் உள்ளவர் 'காட்ட மாட்டேன் என்பதை நான் ஒத்துக்கொள்ளவில்லை' என்று யோசித்து எண்ணைக் குறிக்க வேண்டும். களைப்போடு இருக்கிறவர் இங்கே தடுமாறுவார். அச்சில் எழுத்து பெரிதாக இருப்பதும் வரி இடைவெளி விடுவதும்கூட இந்த இடத்தில் உதவும்.

இரண்டாவது, காலம். துருக்கியில் வழக்கமாகச் செய்வதைச் சொல்ல ஒரு வினைவடிவம், இப்போது நடந்துகொண்டிருப்பதைச் சொல்ல இன்னொரு வினைவடிவம். கேள்விப் பட்டியல் பழக்கத்தைக் கேட்பதால் முதலாவது வடிவம் வர வேண்டும். இரண்டாவதைப் போட்டுவிட்டால், படிக்கிறவர் இந்த வாரத்து மனநிலையை நினைத்துப் பதில் சொல்லக்கூடும்.

மூன்றாவது, சொல்லின் வயது. 1928-இல் எழுத்து மாறியது, 1932-இல் துருக்கி மொழிக் கழகம் தொடங்கப்பட்டது. அதற்குப் பிறகு அரபு, பாரசீகச் சொற்களுக்குப் பதிலாகத் துருக்கி வேர்ச்சொற்களிலிருந்து புதியவை ஏராளமாக வந்தன. நம் தனித்தமிழ் முயற்சியை நினைத்துக்கொள்ளுங்கள். உணர்ச்சிக்கு இன்று 'துய்கு' என்கிறார்கள். கேட்பது, உணர்வது என்ற இரண்டு பொருளும் உள்ள 'துய்மக்' என்ற வினையிலிருந்து வந்தது. ஆனால் 'உணர்கிறேன்' என்று சொல்ல அன்றாடப் பேச்சில் வருவது அரபு 'ஹிஸ்' அடிப்படையிலான 'ஹிஸ்ஸெத்மெக்'. இரண்டும் ஒரே வாக்கியத்தில் சேர்ந்து வருவதில் யாருக்கும் சங்கடம் இல்லை. சிக்கல் வருவது 'அறிதல் சார்ந்த' போன்ற கலைச்சொற்களில்தான். அவை பல்கலைக்கழகச் சுவருக்குள் பிறந்தவை, ஊரில் இருக்கும் பாட்டியிடம் அவற்றைக் கொண்டுபோக முடியாது. நல்ல வேளையாக அந்தச் சொற்கள் அளவுகோலின் பிரிவுத் தலைப்புகளில் மட்டும் வருகின்றன, வாக்கியங்களில் வருவதில்லை.

தலைப்பைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. அடக்குதலுக்குத் துருக்கி ஆய்வாளர்கள் வைத்திருக்கும் பெயர் 'பஸ்தர்மா', அழுத்துவது என்ற வேரிலிருந்து வந்தது. கிளர்ச்சியை ஒடுக்குவதற்கும் அதே சொல். ஃப்ராய்டு சொன்ன, நம்மை அறியாமலே நினைவை உள்ளே தள்ளிவிடுவதற்கும் அதே சொல். பதில் சொல்கிறவருக்கு இந்தப் பெயர் தெரியாது, அதனால் அவருக்குப் பாதிப்பில்லை. குழம்புவது ஆய்வுக் கட்டுரையைப் படிக்கிற மாணவர்தான்.

மொழிபெயர்ப்பில் மிகவும் கஷ்டப்படுத்தும் ஒரே ஒரு சொல்லைச் சொல்லுங்களேன்.

டெர்ஸ் பட்டியலில் வரும் 'அப்செட்'. 36 வாக்கியங்களில் பல 'நான் அப்செட்டாக இருக்கும்போது' என்றுதான் தொடங்குகின்றன. ஆங்கிலத்தில் அது ஒரு குடைச்சொல். கோபம், வருத்தம், பதற்றம், புண்பட்ட மனது எல்லாம் அதற்குக் கீழே ஒதுங்கிக்கொள்ளும்.

துருக்கி அகராதியைத் திறந்தால் கிடைப்பது 'உஸ்குன்'. ஆனால் உஸ்குன் என்றால் வருத்தம் மட்டும்தான். கோபத்தில் கொதித்துக்கொண்டிருக்கிறவரை யாரும் உஸ்குன் என்று சொல்ல மாட்டார்கள். அந்தச் சொல்லைப் போட்டிருந்தால் பட்டியல் முழுவதும் சோகத்தைப் பற்றியதாகச் சுருங்கிவிடும். 'கட்டுப்பாட்டை இழக்கிறேன்' என்ற வகை வாக்கியங்கள் எல்லாம் அர்த்தம் இழந்துவிடும், ஏனென்றால் கட்டுப்பாடு பெரும்பாலும் போவது கோபத்தில்.

துருக்கி வடிவத்தில் அவர்கள் போட்டது, சொல்லுக்குச் சொல் பார்த்தால், 'என்னை நான் மோசமாக உணரும்போது' என்பது. அங்கே அது தினசரிப் பேச்சு. கடைக்காரரும் சொல்வார், பேராசிரியரும் சொல்வார். எந்த உணர்ச்சி என்று பெயர் சொல்லாமல் எல்லாவற்றையும் உள்ளே விடுகிறது. ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்ற பிடிவாதத்தை விட்டதால் கிடைத்த தீர்வு இது. எனக்கு இந்த மொழிபெயர்ப்பு மிகவும் பிடிக்கும். நாம் பேச்சில் 'மனசு சரியில்லாதபோது' என்று சொல்வதும் இதே வேலையைச் செய்கிறது.

ஒரு வாக்கியம் வேலை செய்யவில்லை என்று எப்படித் தெரியும்?

டெர்ஸின் 10-ஆம் வாக்கியம் இதற்குப் பொருத்தமான உதாரணம். ருகான்ஜியும் கெஞ்சோஸும் 338 பல்கலைக்கழக மாணவர்களிடம் பட்டியலைக் கொடுத்தார்கள். மூலத்தில் இருந்த 6 பிரிவுகளும் துருக்கி மாணவர்களிடமும் அதே மாதிரி வந்தன, இந்த ஒரு வாக்கியத்தைத் தவிர. அதை நீக்கிவிட்டுத்தான் மற்றக் கணக்குகளைப் போட்டார்கள்.

அந்த வாக்கியம், மோசமாக உணரும்போது என் உணர்ச்சிகளை நான் அடையாளம் கண்டு ஏற்பதாகச் சொல்கிறது. ஆங்கிலத்தில் அந்த வினைக்கு, 'ஆமாம், இது என்னிடம் இருக்கிறது' என்று கவனித்து ஒப்புக்கொள்ளும் பொருள். 'விழிப்பு' என்ற பிரிவுக்காக எழுதப்பட்ட வாக்கியம் அது. துருக்கியில் அதற்குப் பக்கத்தில் கிடைக்கும் சொல் 'கபூல் எத்மெக்'. நிக்காஹ்வில் சொல்வார்களே, அதே கபூல். சம்மதிப்பது, ஏற்றுக்கொள்வது, ஒப்புக்கொள்வது எல்லாம் அதற்குள் அடங்கும். கெட்ட உணர்ச்சிக்குச் 'சம்மதிக்கிறேன்' என்று கேட்டால், சிலர் அதை மனப்பக்குவமாக எடுத்துக்கொள்வார்கள், சிலர் தோற்றுப்போவதாக எடுத்துக்கொள்வார்கள். இரண்டு அர்த்தத்தில் படிக்கப்படும் வாக்கியம் எந்தக் கூட்டத்தோடும் ஒட்டாது. ஏன் ஒட்டவில்லை என்பதற்கு இது என் விளக்கம். ஒட்டவில்லை என்பதை மட்டும் எண்கள் சொல்லிவிட்டன.

அப்புறம் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2016-இல் டெர்ஸை 16 வாக்கியங்களாகச் சுருக்கியபோது, 'விழிப்பு' பிரிவையே முழுதாக விட்டுவிட்டார்கள். ஆகவே பிரச்சினை முழுவதையும் துருக்கி மொழிபெயர்ப்பின் தலையில் கட்டுவது நியாயமில்லை. மூலமே அந்த இடத்தில் கொஞ்சம் ஆட்டம் கண்டிருக்கிறது.

துருக்கியிலிருந்து திரும்ப ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்துப் பார்க்கிறார்களே, அது எதற்கு?

ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு பரவிய முறை அது. மூலத்தைப் பார்த்திராத ஒருவர் துருக்கி வடிவத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுவருவார். மூலத்தோடு ஒப்பிட்டு எங்கே விலகியது என்று பார்ப்பார்கள். துருக்கி தெரியாத மூல ஆசிரியரும் அதைப் படித்துக் கருத்துச் சொல்ல முடியும் என்பது பெரிய வசதி.

ஆனால் அதை மட்டும் நம்பிவிடக் கூடாது. மோசமான, சொல்லுக்குச் சொல் ஒட்டிய துருக்கி வாக்கியம்தான் மிக அழகாக ஆங்கிலத்துக்குத் திரும்பும். 'மனசு சரியில்லாதபோது' மாதிரி உயிருள்ள தொடர் திரும்பும்போது மூலத்திலிருந்து விலகித்தான் தெரியும். கச்சிதமாகத் திரும்பி வந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

சரி, முறையாகச் செய்வதென்றால் என்ன வரிசை?

மூல ஆசிரியரிடம் அனுமதி, பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவிடம் ஒப்புதல். அதன் பிறகு குறைந்தது இரண்டு பேர் தனித்தனியாகத் துருக்கியில் மொழிபெயர்ப்பார்கள். ஒருவருக்கு உளவியல் தெரிந்திருக்க வேண்டும், இன்னொருவருக்குத் தெரியாமல் இருப்பதே நல்லது. ஏனென்றால் சாதாரணமான பேச்சு அவரிடமிருந்துதான் வரும். இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கி, திரும்ப மொழிபெயர்த்து, நிபுணர் குழு வாக்கியம் வாக்கியமாக உட்கார்ந்து முடிவு செய்யும். பிறகு 30 முதல் 40 பேரிடம் கொடுத்துப் பார்ப்பார்கள். 2000-இல் பீட்டனும் சகாக்களும் வகுத்த வழிகாட்டியில் இந்த எண்ணிக்கை இருக்கிறது. பன்னாட்டுச் சோதனைகள் ஆணையத்தின் வழிகாட்டுதல்களின் இரண்டாம் பதிப்பு 2017-இல் வந்தது, அதில் 18 நெறிகள் உண்டு.

இந்த வரிசையில் எல்லோரும் அவசரமாகக் கடந்துவிடுவது அந்த 30 பேரைத்தான். என்னைக் கேட்டால் அங்கேதான் நிறைய நேரம் செலவழிக்க வேண்டும். படிவத்தை வாங்கி வைத்துக்கொண்டால் போதாது. ஒவ்வொருவரிடமும் 'இந்த வாக்கியத்தை உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்', 'இதைப் படித்ததும் எந்தச் சம்பவம் நினைவுக்கு வந்தது?' என்று கேட்க வேண்டும்.

உதாரணத்துக்கு, இ.ஆர்.க்யூ.வில் ஒரு வாக்கியம் சந்தோஷத்தைக்கூட வெளிக்காட்டாமல் இருப்பதைப் பற்றியது. துருக்கியில் நஸர் என்றால் கண்ணேறு. நீல நிறக் கண்மணி அங்கே வாசலிலும் வண்டியிலும் குழந்தையின் சட்டையிலும் தொங்கும். நல்ல செய்தி சொன்னால் 'நஸர் படாமல் இருக்கட்டும்' என்பார்கள். திருஷ்டி பட்டுவிடும் என்று சந்தோஷத்தைச் சொல்லாமல் இருப்பதும், அழுகையை அடக்குவதும் ஒரே மனச்செயலா? பதில் சொல்கிறவரிடம் உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும். வாக்கியங்கள் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்று காட்டும் ஆல்பா எண் (கீழே வரும்) இதைச் சொல்லாது.

எத்தனை பேரிடம் பதில் வாங்க வேண்டும்?

வாக்கியத்துக்கு 5 முதல் 10 பேர் என்பது பழைய கைக்கணக்கு. 10 வாக்கியம் என்றால் 50 முதல் 100 பேர் என்று வரும், அது போதாது. எந்த வாக்கியங்கள் ஒரே பிரிவாகச் சேர்கின்றன என்று பார்க்கும் காரணிப் பகுப்பாய்வுக்கு 200-க்குக் குறையாமல் இருப்பது நல்லது. அமைப்பைக் கண்டறிய ஒரு குழு, உறுதிப்படுத்த வேறொரு குழு என்று இரண்டு குழு கிடைத்தால் இன்னும் நல்லது.

எண்ணிக்கையைவிட எனக்குக் கவலை தருவது யார் அவர்கள் என்பது. பல்கலைக்கழக மாணவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் அவர்களிடமே போகிறோம். அங்காராவில் படிக்கும் 20 வயதுப் பெண்ணின் பதிலை வைத்து, கிழக்குத் துருக்கியின் வான் என்ற நகரத்தில் இருக்கும் 55 வயது விவசாயிக்கு அளவுகோல் பொருந்தும் என்று சொல்ல முடியாது. கிழக்குப் பகுதியில் பலருக்கு வீட்டு மொழி குர்திஷ், துருக்கி பள்ளியில் கற்றது. கோபத்தையும் அழுகையையும் ஒரு மொழியில் பழகிவிட்டு, அதைப் பற்றிய கேள்வியை இன்னொரு மொழியில் படிக்கிறார்கள்.

ஆல்பா 0.73 வந்திருக்கிறது. அளவுகோல் மோசமா?

இல்லை. க்ரோன்பாக் ஆல்பா என்பது ஒரு பிரிவில் உள்ள வாக்கியங்கள் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்பதைச் சொல்லும் எண். அது வாக்கியங்களின் எண்ணிக்கையையும் பொறுத்தது. கிராஸ், ஜான் மூல ஆய்விலேயே மறுமதிப்பீட்டுக்குச் சராசரியாக 0.79, அடக்குதலுக்கு 0.73 தான். அடக்குதலில் 4 வாக்கியங்கள்தானே இருக்கின்றன? அதே நெருக்கம் கொண்ட 6 வாக்கியங்கள் இருந்திருந்தால் கணக்குப்படி சுமார் 0.80 வந்திருக்கும். ஆகவே அடக்குதலின் எண் குறைவாக இருப்பதற்கு நீளமே பெரும் காரணம்.

மூன்று மாதம் கழித்து அதே ஆட்களிடம் மறுபடி கேட்டபோது இரண்டு பிரிவுக்கும் ஒட்டுறவு (இரண்டு தடவை வந்த மதிப்பெண்களும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பது, 1 என்றால் முழுப் பொருத்தம்) 0.69. பழக்கத்தை அளக்கும் அளவுகோலுக்கு இது நியாயமான எண். மனிதர்கள் மூன்று மாதத்தில் கொஞ்சம் மாறவும் செய்வார்கள்.

உறுதிப்படுத்தும் காரணிப் பகுப்பாய்வில் எந்த எண்களைப் பார்ப்பது?

சி.எஃப்.ஐ. 0.95-க்கு அருகிலோ மேலோ, ஆர்.எம்.எஸ்.இ.ஏ. 0.06-க்கு அருகிலோ கீழோ, எஸ்.ஆர்.எம்.ஆர். 0.08-க்கு அருகிலோ கீழோ. எதிர்பார்த்த பிரிவு அமைப்பு கிடைத்த பதில்களோடு எவ்வளவு பொருந்துகிறது என்று சொல்லும் எண்கள் இவை. இந்த எல்லைகளை ஹூவும் பென்ட்லரும் 1999-இல் முன்வைத்தார்கள். எல்லையைத் தொடவில்லை என்பதற்காக, வாக்கியங்களின் பிழைகளுக்கு (பிரிவால் விளக்க முடியாத மிச்சப் பகுதிகளுக்கு) இடையே மென்பொருள் சொல்லும் இணைப்புகளை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போகாதீர்கள். 'எதைப் பற்றி நினைக்கிறேன்' என்ற இரண்டு வாக்கியங்களின் பிழைகளை இணைக்கச் சொன்னால் அதற்குக் காரணம் இருக்கிறது, மேலே பார்த்தோம். காரணம் சொல்ல முடியாத இணைப்பை விட்டுவிட வேண்டும்.

துருக்கியில் உணர்ச்சியை அடக்குவது மரியாதையான விஷயம் இல்லையா? அதைக் குறை என்று அளப்பது சரியா?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களை எனக்குப் பிடிக்கும், இதற்குள் நியாயம் இருக்கிறது.

துருக்கியில் ஒரு பழமொழி: கை முறிந்தாலும் சட்டைக் கைக்குள்ளேயே இருக்கும். வீட்டு வலியை வெளியே காட்டாதே என்பது அதன் கருத்து. இன்னொன்று, இரத்தம் கக்கினாலும் 'கிஸில்ஜிக்' என்ற சிவப்புப் பழச் சர்பத் குடித்தேன் என்று சொல்வது. அந்த இரண்டும் அடக்குதலைப் புகழ்கின்றனவா, அதன் வலியைச் சொல்கின்றனவா என்றால், இரண்டுமே. அதே ஊரில் 'இச்சிமே அதாரம்' என்று ஒரு தொடர் உண்டு, 'எனக்குள்ளேயே எறிந்துகொள்வேன்' என்று அர்த்தம். அதைச் சொல்கிறவர் பெரும்பாலும் அலுப்போடும் பாரத்தோடும்தான் சொல்வார். ஆக, அடக்குவது கடமை என்ற எண்ணமும் அடக்கினால் உள்ளே அரிக்கும் என்ற அறிவும் அந்த மொழிக்குள் அக்கம்பக்கமாக வாழ்கின்றன.

ஆய்வும் இதை ஒற்றைக் கோட்டில் பார்க்கவில்லை. பட்லர், லீ, கிராஸ் மூவரும் 2007-இல் அமெரிக்காவில் பெண்களிடம் செய்த ஆய்வில், அடக்குதலோடு சேர்ந்து வரும் கெட்ட விளைவுகள் ஆசிய விழுமியங்களை அதிகம் பிடித்திருந்தவர்களிடம் குறைவாக இருந்தன. துருக்கியின் உளவியலாளர் சிதெம் கயித்சிபாஷி (1940-2017) வேறொரு பக்கத்திலிருந்து இதற்கு வெளிச்சம் காட்டினார். குடும்பத்தோடு ஒட்டி இருப்பதும் தன் முடிவைத் தானே எடுப்பதும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல, இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம் என்று அவர் வாதாடினார். மாமியார் முன்னால் கோபத்தை விழுங்கும் பெண் அதை உறவைக் காப்பதற்காகவே தெரிந்து செய்திருக்கலாம். அல்லது வேறு வழியில்லாமல் செய்திருக்கலாம். படிவத்தில் இரண்டு பேரும் 6 என்றுதான் குறிப்பார்கள்.

அதனால் அடக்குதல் மதிப்பெண் அதிகம் என்றதும் 'ஆரோக்கியமில்லாதவர்' என்று எழுதாதீர்கள். துருக்கியில் அந்த மதிப்பெண் மனச்சோர்வோடும் வாழ்க்கை நிறைவோடும் எவ்வளவு ஒட்டி நகர்கிறது என்பதை அங்கேயே, அந்த மக்களிடமே அளந்து பார்க்க வேண்டும். அமெரிக்காவில் கிடைத்த உறவை இறக்குமதி செய்ய முடியாது.

துருக்கிச் சராசரியை அமெரிக்கச் சராசரியோடு ஒப்பிடலாமா?

அளவு இரண்டு இடத்திலும் ஒன்றாகவே இருக்கிறது என்று நிறுவிய பிறகுதான். முதலில் அதே இரண்டு பிரிவுகள் வருகின்றனவா, பிறகு வாக்கியங்கள் பிரிவோடு அதே பலத்தில் ஒட்டுகின்றனவா, கடைசியில் ஒரே அளவு அடக்கும் இருவர் இரண்டு நாட்டிலும் அதே எண்ணைக் குறிப்பார்களா. மூன்றாவது படி தாண்டாமல் சராசரியை ஒப்பிடுவது, ஒன்று அங்குலத்திலும் ஒன்று சென்டிமீட்டரிலும் இருக்கும் இரண்டு நாடாக்களை ஒப்பிடுவது மாதிரி.

ஜெர்மனியில் இருக்கும் துருக்கியர்களுக்கும் இதே சோதனை வேண்டும். 1961-இல் தொழிலாளர் ஒப்பந்தம் வந்த பிறகு அங்கே போனவர்களின் பேரப்பிள்ளைகள் பேசும் துருக்கியில் ஜெர்மன் கலந்திருக்கிறது. அங்காராவில் தயாரான படிவம் பெர்லினில் அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

வாக்கியங்களின் வரிசையை மாற்றலாமா?

கூடாது. முதலாவதும் மூன்றாவதும் நல்ல உணர்ச்சி, மோசமான உணர்ச்சி என்றால் என்ன என்பதை உதாரணத்தோடு சொல்லிவிடுகின்றன. பின்னால் வருபவை அதை நம்பி நிற்கின்றன. இரண்டு பிரிவையும் கூட்டி ஒரே மதிப்பெண்ணாக்கவும் கூடாது.

ஒன்றுக்கு மேற்பட்ட துருக்கி வடிவங்கள் இருந்தால் எதை எடுப்பது?

முதலில் இருப்பதைத் தேடுங்கள், புதிதாக இன்னொன்று செய்ய அவசரப்படாதீர்கள். துருக்கி மொழியில் கிடைக்கும் அளவுகோல்களைப் பட்டியலிடும் 'டோவாத்' என்ற தளம் இருக்கிறது. உயர்கல்விக் குழுவின் தேசிய ஆய்வேட்டு மையத்தில் முனைவர், முதுகலை ஆய்வேடுகள் கிடைக்கும். பல மொழிபெயர்ப்புகள் அங்கேதான் தூங்குகின்றன. எந்த வயதினரிடம் சோதித்தார்கள் என்பதை வைத்துத் தேர்ந்தெடுங்கள். எடுத்த வடிவம் யாருடையது என்று கட்டுரையில் தெளிவாக எழுதுங்கள், இல்லையென்றால் அடுத்தவர் உங்கள் முடிவை எதோடு ஒப்பிடுவது என்று தெரியாமல் நிற்பார். சிறுவர்களுக்கு 2012-இல் தனி ஆங்கில வடிவம் வந்தது. பெரியவர்களுக்கான துருக்கிப் படிவத்தை 10 வயதுக் குழந்தையிடம் நீட்ட வேண்டாம்.

என் மதிப்பெண்ணை வைத்து எனக்குப் பிரச்சினை இருக்கிறதா என்று சொல்ல முடியுமா?

முடியாது. இ.ஆர்.க்யூ.வில் இதற்கு மேல் நோய், இதற்குக் கீழ் ஆரோக்கியம் என்று எந்தக் கோடும் கிடையாது. மறுமதிப்பீட்டில் 30 வாங்கினீர்கள் என்றால் அந்த 6 வாக்கியங்களுக்கும் சராசரியாக 5 குறித்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். கோபமோ துக்கமோ உங்கள் தூக்கத்தையும் வேலையையும் கெடுக்கிறது என்றால், எண் என்ன வந்தாலும் மனநல மருத்துவர் ஒருவரைப் போய்ப் பாருங்கள்.